மீன்தொட்டி ஏன் மறுபடியும் ஒழுகுகிறது?

மீன்தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி நடப்பது இது. தொட்டியின் கீழ் மூலையில் ஈரம் தெரிகிறது. ஹார்டுவேர் கடையில் ‘சிலிக்கான் கம்’ ஒரு டியூப் வாங்கி வந்து, கசியும் இடத்தைத் துடைத்துவிட்டு, வெளிப்பக்கமாக அப்பிவிடுகிறோம். நாலைந்து நாள் நிற்கிறது. பிறகு அதே மூலையில், அல்லது அதற்கு ஒரு சாண் தள்ளி, மறுபடி ஈரம். அடுத்த முறை தண்ணீரை இறைத்துவிட்டு உட்பக்கமாகவே, பழைய பசையின் மேல் புதுப் பசையைத் தடிமனாகப் பூசுகிறோம். சில வாரங்களில் அதுவும் விளிம்பிலிருந்து தோலாக உரிந்து வருகிறது.

பசை மட்டமான சரக்கு என்று கடைக்காரரைக் குறை சொல்வது வழக்கம். ஆனால் அந்தத் தொட்டியை இத்தனை வருடம் தாங்கி நின்றதும் இதே வகைப் பசைதான். வண்ணமீனுக்குப் பேர்போன சென்னை கொளத்தூர்க் கடைத்தெருவில் அடுக்கி வைத்திருக்கும் தொட்டிகளைப் பாருங்கள். பெரும்பாலானவற்றுக்கு இரும்புச் சட்டமோ ஆணியோ கிடையாது. ஐந்து கண்ணாடித் துண்டுகள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் பசை, அவ்வளவுதான். கண்ணாடியை அப்படிக் கவ்விப் பிடிக்கும் பசை, தன் இனத்தையே சேர்ந்த பழைய பசையின் மேல் மட்டும் ஏன் ஒட்ட மறுக்கிறது? இதற்கு விடை தெரிந்துவிட்டால் தொட்டியைச் சரிசெய்யும் முறையில் எந்தப் படியைத் தாண்டக் கூடாது, ஏன் தாண்டக் கூடாது என்பதெல்லாம் தெளிவாகிவிடும்.

அதற்கு முன், தொட்டி உண்மையிலேயே ஒழுகுகிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். நீர்மட்டம் குறைந்தால் ஒழுக்கு என்றே நினைத்துக்கொள்கிறோம். கோடையில் மூடியில்லாத தொட்டியிலிருந்து நீர் ஆவியாகிப் போவதே கண்ணுக்குத் தெரியும் அளவு இருக்கும். ஏர் பம்ப் கிளப்பும் குமிழிகள் உடைந்து தெறிக்கும் துளிகளும் கண்ணாடியின் வெளிப்பக்கமாக வழிந்து அடியில் சேரும். இவற்றைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. தொட்டிக்குப் பக்கத்திலேயே அகன்ற வாயுள்ள வாளி ஒன்றில் நீர் வைத்து, இரண்டிலும் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே அறை, ஒரே காற்று, ஒரே வெப்பம். மறுநாள் வாளியில் குறைந்த அளவேதான் தொட்டியிலும் குறைந்திருக்கிறது என்றால் அது ஆவியாதல். தொட்டியில் மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் ஒழுக்கு. ஆய்வகங்களில் ‘ஒப்பீட்டுச் சோதனை’ என்று சொல்வது இதைத்தான்.

நொடிக்கு ஒரு சொட்டு என்றால் அற்பமாகத் தோன்றும். ஒரு மில்லி லிட்டருக்குச் சுமார் 20 சொட்டு. ஒரு நாளுக்கு 86,400 நொடி. பெருக்கிப் பார்த்தால் நாளொன்றுக்கு 4 லிட்டருக்கு மேல் வருகிறது. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள தொட்டியில் அது 2 சென்டிமீட்டருக்கும் கூடுதலான இறக்கம். ஒரே நாளில் மட்டம் அந்த அளவு இறங்கினால் ஆவியாதலை விட்டுவிட்டு ஓட்டையைத் தேடலாம்.

இனி, நீர் கண்ணாடியை எப்படித் தள்ளுகிறது என்று பார்ப்போம். நீரின் அழுத்தம் ஆழத்தை மட்டுமே பொறுத்தது. தொட்டி எவ்வளவு அகலம், எத்தனை லிட்டர் கொள்ளும் என்பதற்கும் அழுத்தத்துக்கும் தொடர்பில்லை. 1586-இல் நெதர்லாந்துப் பொறியாளர் சைமன் ஸ்டெவின் இதைத் தெளிவாக எழுதிவைத்தார். மேட்டூர் அணைக்குப் பின்னால் நீர் எத்தனை கிலோமீட்டர் பரந்து கிடந்தாலும், சுவர் தாங்க வேண்டிய அழுத்தத்தைத் தீர்மானிப்பது சுவரை ஒட்டிய நீரின் ஆழம்தான். கீழே போகப் போக அழுத்தம் கூடுவதால்தான் அணைகள் அடியில் தடித்து நிற்கின்றன.

ஓரடி, அதாவது 30 சென்டிமீட்டர் ஆழத்தில், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் 30 கிராம் எடைக்குச் சமமான விசை விழுகிறது. சின்னதுதான். ஆனால் இரண்டடிக்கு ஓரடி என்ற முன்கண்ணாடி முழுவதையும் கூட்டினால், விளிம்பு வரை நிறைந்த தொட்டியில் அது ஏறக்குறைய 27 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டையில் பாதிக்கு மேல், இரவும் பகலும் ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. நீர்மட்டத்தை இரண்டடியாக உயர்த்தினால் விசை இரு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். அழுத்தமும் கூடுகிறது, அழுத்தம் விழும் பரப்பும் கூடுகிறது அல்லவா!

வெளியே அப்பிய பசை ஏன் நிற்பதில்லை என்பதற்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது. ஒரு சதுர மில்லிமீட்டர் ஓட்டை வழியாக நீர் அந்தப் பசையைத் தள்ளும் விசை, முதல் நாளில் கால் கிராமை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே நிற்கிறது. ஆனால் அந்த நீர் பசைக்கும் கண்ணாடிக்கும் இடையில் இண்டு இடுக்காகப் புகுந்து பரவுகிறது. பரவும் இடத்துக்கெல்லாம் அழுத்தமும் கூடவே போகிறது. பத்துச் சதுர சென்டிமீட்டர் பரவியதும் விசை 300 கிராம். அது முழுவதும் பசையின் நடுவில் விழாமல், ஒட்டு விட்டுப்போன விளிம்பில் ஒரு மெல்லிய கோட்டின் மேல் குவிகிறது. உரிப்பது என்பது இதுதான். உட்பக்கம் பூசிய பசையின் நிலைமை நேரெதிர். பின்னால் நீர் புகாதவரை, தொட்டியின் நீரே அதைக் கண்ணாடியோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும். எந்தப் பக்கம் பூச வேண்டும் என்பதில் தயங்கவே வேண்டியதில்லை.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது அதைவிடச் சிக்கலான வேலை. நீர் சொட்டும் இடம் ஓட்டையின் வாசல் மட்டும்தான். உள்ளே அது வேறெங்கோ நுழைந்து, அடிக்கண்ணாடிக்கும் பக்கக் கண்ணாடிக்கும் இடையிலுள்ள நுண்புழை வழியாக ஊர்ந்து வந்திருக்கும். நமக்கு உதவும் தடயங்கள் மூன்று உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீர் என்பதால், கசிந்து உலரும் இடத்தில் சுண்ணாம்புப் படிவு வெள்ளையாகத் தங்கும். அதுவே கசிவின் வாசல். தொட்டியைத் தானாக வடியவிட்டு, மட்டம் எந்த உயரத்தில் இறங்காமல் நின்றுபோகிறது என்று பார்த்தால், நுழைவாயில் அந்த உயரத்தில் இருக்கிறது. நிற்கவே இல்லையென்றால் அடிமூட்டு. மூன்றாவது தடயம் கண்ணாடி வழியாகவே தெரியும். நல்ல மூட்டைப் பக்கவாட்டில் உற்றுப் பார்த்தால் பசை சீரான நிறத்தில் இருக்கும். கண்ணாடியை விட்டுப் பிரிந்த இடத்தில் மெல்லிய காற்றுப் படலம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வெள்ளிபோல மினுங்கும்.

சில ஒழுக்குகள் தானாக நின்றுபோவதும் உண்டு. அதே சுண்ணாம்புப் படிவு நுண்புழையை அடைத்துவிடும். இதை நம்பி விட்டுவிடக் கூடாது என்பேன். குழாயின் உள்விட்டம் இரு மடங்கானால், அதே அழுத்தத்தில் பாயும் நீர் 16 மடங்காகும். ரத்தம் நுண்ணிய நாளங்களில் எப்படி ஓடுகிறது என்று அறிய முற்பட்ட பிரெஞ்சு மருத்துவர் பாய்சொய், 1840-களில் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்தி அளந்து கண்டது இது. மாதக்கணக்கில் வெறும் ஈரமாக இருந்த மூலை ஒரே இரவில் கூடத்தை நனைப்பதற்குக் காரணமும் இதுவே. அடைப்பு கொஞ்சம் விலகினால் போதும்.

இப்போது பசைக்கு வருவோம். அந்தக் காலத்து மீன்தொட்டிகளில் இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, ஆளிவிதை எண்ணெயில் குழைத்த மக்கு வைத்து அடைப்பார்கள். லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் விலங்குக் காட்சிசாலையில் 1853-இல் முதல் பொது மீன்காட்சியகம் திறந்தபோது கையில் இருந்த தொழில்நுட்பம் அதுதான். மக்கு நாளாக நாளாக இறுகி வெடிக்கும். இரும்பும் கண்ணாடியும் வெயிலுக்கு வெவ்வேறு அளவில் விரிவதால் இடைவெளி விழும். சட்டமே இல்லாத தொட்டி சாத்தியமானது, கண்ணாடியை விடாமல் பற்றிக்கொண்டு ரப்பர்போல இழுபடவும் தெரிந்த ஒரு பொருள் வந்த பிறகுதான். கடையில் நாம் ‘சிலிக்கான் கம்’ என்று கேட்டு வாங்கும் அந்தப் பொருளுக்கு வேதியியலில் ‘சிலிக்கோன்’ என்று பெயர்.

இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஃபிரெடெரிக் ஸ்டான்லி கிப்பிங் இந்தச் சேர்மங்களைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். அவருக்கு வேண்டியிருந்தவை தூய படிகங்கள். கிடைத்தவையோ கையில் பிசுபிசுக்கும் பிசின்கள். அவற்றுக்குப் பயன் இருக்கும் என்று அவர் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. 1940-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் யூஜின் ரோக்கோ, செம்பு கலந்த சிலிக்கான் தூளின் மேல் மெத்தில் குளோரைடு வாயுவைச் செலுத்தி, இவற்றுக்கான மூலப்பொருளை மலிவாகச் செய்யும் வழியைக் கண்டார். அந்தப் பிசுபிசுப்புதான் பிறகு குளியலறை மூலை முதல் நிலவில் பதிந்த காலணியின் அடிப்பாகம் வரை போனது.

டியூபுக்குள் இருப்பவை நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள். வேதியியலார் ‘பலபடி’ என்பது இதைத்தான். முதுகெலும்பாகச் சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறி வரும். ஒவ்வொரு சிலிக்கானிலும் இரண்டு மெத்தில் தொகுதிகள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். சங்கிலிகள் தனித்தனியாக ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால் பசை பிதுங்கி வருகிறது. கூடவே, சங்கிலிகளை முடிச்சுப் போடக் காத்திருக்கும் சிறு மூலக்கூறுகளும் கலந்திருக்கின்றன. அவற்றின் கைகளை அசிட்டேட் தொகுதிகள் மூடியிருக்கின்றன. பசை வெளியே வந்ததும் காற்றிலுள்ள நீராவி அந்த மூடிகளைக் கழற்றுகிறது. கழன்றவை அசிட்டிக் அமிலமாகப் பறந்துபோகின்றன. பசை பூசிய அறையில் வினிகர் நெடி அடிப்பது இதனால்தான். விடுபட்ட கைகள் சங்கிலிகளைப் பற்றி முடிச்சுப் போடுகின்றன. இந்தக் ‘குறுக்குப் பிணைப்பு’ பெருகப் பெருக, பசை ரப்பராகிறது.

பசையை இறுக வைப்பது ஈரப்பதம்தான் என்பதற்கு வீட்டிலேயே சாட்சி உண்டு. பாதி பயன்படுத்தி வைத்த டியூபை ஒரு மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள். மூக்கு நுனியில் மட்டும் ரப்பர் தக்கை அடைத்திருக்கும். அதைப் பிடுங்கினால் உள்ளே பசை இளகியபடியே இருக்கும். வெறுமனே நாள்பட்டதால் இறுகுவது என்றால் டியூப் முழுவதும் இறுகியிருக்க வேண்டும்.

கண்ணாடி இந்தக் கதையில் எங்கே வருகிறது? கண்ணாடியின் பெரும்பகுதியும் சிலிக்கானும் ஆக்சிஜனும் பின்னிய வலையே. அதன் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் தொகுதிகள், அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த இணைகள், நெருக்கமாக நிற்கின்றன. சங்கிலியை முடிச்சுப் போடும் அதே கைகள் இவற்றையும் பற்றிக்கொள்கின்றன. கண்ணாடிக்கும் பசைக்கும் நடுவே உருவாகும் பிணைப்பு, கண்ணாடியைக் கண்ணாடியாக வைத்திருக்கும் அதே சிலிக்கான்–ஆக்சிஜன்–சிலிக்கான் பிணைப்பு. அக்ரிலிக் தொட்டியின் மேற்பரப்பில் இத்தகைய தொகுதிகள் இல்லாததால் இதே பசை அங்கே சரியாகப் பிடிப்பதில்லை.

இறுகிப்போன பழைய சிலிக்கோனில் இந்த வேதிவினை என்றோ முடிந்துவிட்டது. பற்றிக்கொள்ள நீண்ட கைகள் எல்லாம் ஒன்றையொன்று பற்றி அடங்கிவிட்டன. சங்கிலிகளும் வலைக்குள் கட்டுண்டு கிடப்பதால், புதுப் பசையின் சங்கிலிகளோடு கலந்து பின்ன அவற்றுக்கு வழியில்லை. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டுமா என்று நம் பெரியவர்கள் கேட்பார்களே, அதேதான். பச்சைக் களிமண்ணோடு பச்சைக் களிமண் குழைந்து ஒன்றாகும். சூளையில் வெந்த பானையில் துகள்கள் உருகிப் பிணைந்துவிட்டதால், அதன் மேல் அப்பும் மண் எவ்வளவு நன்றாகப் பிசைந்ததாக இருந்தாலும் காய்ந்து உதிரும். புதுச் சிலிக்கோன் பழையதன் மேல் பரவும். பார்வைக்கு ஒட்டியது போலவும் இருக்கும். ஓரளவு பிடிக்கவும் செய்யும். வருடக்கணக்கில் நீரைத் தாங்கும் பிணைப்பு மட்டும் உருவாவதில்லை. நாள்பட்ட பசையின் மேல் பாசியும் அழுக்கும் படிந்திருந்தால் அந்த அற்பப் பிடிப்பும் போய்விடும்.

மேற்பரப்பில் எந்தத் தொகுதி நிற்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாதே, எப்படிச் சொல்கிறார்கள்? ஒரு சொட்டு நீர் சொல்லிவிடும். நன்றாகக் கழுவிய கண்ணாடியில் சொட்டு பரந்து படலமாகிறது. இறுகிய சிலிக்கோனின் மேல் அதே சொட்டு உருண்டு முத்தாக நிற்கிறது. சொட்டின் விளிம்பு பரப்போடு செய்யும் கோணத்துக்குச் ‘சேர்கோணம்’ என்று பெயர். தூய கண்ணாடியில் அது பூஜ்யத்தை நெருங்கும். சிலிக்கோனில் 100 பாகையைத் தாண்டும். நீரை ஈர்க்கும் ஹைட்ராக்சில்கள் கண்ணாடியின் முகப்பில் நிற்கின்றன. சிலிக்கோனின் முகப்பை நீரை விரும்பாத மெத்தில்கள் மூடியிருக்கின்றன. தாமஸ் யங் 1805-லேயே இந்தக் கோணத்தின் முக்கியத்துவத்தைச் சுட்டிக்காட்டினார். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வில்லியம் ஜிஸ்மன் 1950-களில் பலவகைத் திரவங்களைப் பலவகைப் பரப்புகளில் வைத்து அளந்தார். ஒரு பரப்பு நனைவதையும் நனையாததையும் தீர்மானிப்பது கடைசி அடுக்கில் நிற்கும் அணுக்கள்தான், அடியில் என்ன இருக்கிறது என்பது ஏறக்குறைய பொருட்டே இல்லை என்று அவர் கண்டார்.

இந்த முடிவின் நடைமுறை விளைவு பெரிது. கண்ணாடியில் பிளேடு வைத்துச் சுரண்டியும் கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிட்ட மெல்லிய சிலிக்கோன் படலமே, அந்த இடத்தைக் கண்ணாடியிலிருந்து பழைய பசையாக மாற்றிவிடுகிறது. கண்ணாடி அடியில் இருக்கிறது. பசை அதைத் தொடவே இல்லை. சரிசெய்யும் வேலையில் பெரும்பங்கு சுரண்டுவதும் துடைப்பதும்தான் என்று அனுபவமுள்ள தொட்டிக்காரர்கள் சொல்வது இந்தக் காரணத்தால்தான்.

உரிந்து வந்த பசையைத் தூக்கி எறியுமுன் அதைப் படித்துப் பார்க்கலாம். பசை தன்னுள்ளேயே கிழிந்து, கண்ணாடியில் ஒரு அடுக்கு தங்கியிருந்தால், கண்ணாடிக்கும் பசைக்கும் இடையிலான வேற்றினக் கவர்ச்சி பசையின் ஓரினக் கவர்ச்சியைவிட வலுவாக இருந்தது என்று பொருள். நல்ல ஒட்டு, பிளேடு பட்டோ, தொட்டியை நீரோடு நகர்த்தியதாலோ, சமமற்ற மேசை மேல் வைத்ததாலோ கிழிந்திருக்கலாம். கண்ணாடி பளிச்சென்று தெரியும்படி பசை முழுசாகக் கழன்று வந்தால், ஒட்டு தொடக்கத்திலேயே பழுது. எண்ணெய்க் கையோ ஈரமோ பட்ட கண்ணாடி. ஒட்டுப்பொருள் ஆய்வகங்களிலும் முறிவை இப்படித்தான் வகைப்படுத்துகிறார்கள்.

வேலையைத் தொடங்குமுன் மீன்களைப் பழைய தொட்டி நீரோடு வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். ஃபில்டரிலுள்ள ஸ்பாஞ்சையும் அந்த நீரிலேயே ஓடவிட வேண்டும். மீன் வெளியிடும் அம்மோனியாவை மாற்றித்தரும் பாக்டீரியாக்கள் அதில்தான் குடியிருக்கின்றன, காய்ந்தால் செத்துப்போகும்.

தொட்டியின் மூலைகளில் சிலிக்கோன் இரண்டு இடங்களில் இருக்கிறது. கண்ணாடி விளிம்புகளுக்கு இடையே அழுந்தியிருப்பது சுமை தாங்கும் மூட்டு. உட்பக்க மூலையில் வளைவாக ஓடுவது காப்பு விளிம்பு. ஒழுக்குக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டாவதில் விழுந்த வெட்டோ பிரிவோதான் என்பதால், அதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் போதும். ஆனால் ஒழுகும் மூலையை மட்டும் வெட்டி ஒட்டுப்போடுவதில் பயனில்லை. வெட்டிய இடத்தின் இரு முனைகளிலும் புதுப் பசை பழையதைச் சந்திக்கும். அங்கே மறுபடி நீர் நுழையும். உள்விளிம்பு முழுவதையும், நான்கு நிற்கும் மூலைகளையும் அடிச் சுற்றையும், எடுத்தாக வேண்டும். பிறகு அசிட்டோன் அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும், அதுவும் ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பிலிருந்து தள்ளி. நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம்; அதில் சேர்க்கும் எண்ணெயும் வாசனையும் கண்ணாடியில் தங்கிவிடும்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க, கண்ணாடியில் வாயால் ஊதுங்கள். மூச்சின் ஈரம் அழுக்குப் பரப்பில் தனித்தனித் துளிகளாக உட்கார்ந்து வெண்பனியாகத் தெரியும். சுத்தமான பரப்பில் அது தொடர்ச்சியான படலமாகப் பரவுவதால் அவ்வளவு வெளுப்பு இராது. 1911-இல் ராலே பிரபு கண்ணாடியின் மேல் தீச்சுடரை இழுத்து, பிறகு மூச்சு விட்டு, சுடர் போன தடம் மட்டும் தெளிவாகத் தனித்து நிற்பதைக் காட்டினார். மூலையை ஒட்டி ஒரு பட்டை மட்டும் வேறுவிதமாகப் பனித்தால், அங்கே இன்னும் சிலிக்கோன் இருக்கிறது.

பசை வாங்கும்போது பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறை வகையைத் தவிர்க்க வேண்டும். அந்த மருந்து மீனுக்கும் நஞ்சு. மூலையின் இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரே ஓட்டமாகப் பசையை இழுத்து, விரலால் ஒரு தடவை வழித்து, டேப்பை உடனே உரித்துவிட வேண்டும். பத்து இருபது நிமிடத்தில் மேலே தோல் கட்டிவிடும். அதன்பின் தொட்டால் அந்தத் தோலுக்கும் அடியிலிருக்கும் பசைக்கும் நடுவே மடிப்பு விழும்.

தோல் கட்டியதைப் பார்த்துக் காய்ந்துவிட்டதாக நினைப்பதுதான் அடுத்த ஆபத்து. உள்ளே இருக்கும் பசை இறுக வேண்டுமானால் நீராவி மேல்தோலைத் தாண்டி விரவிப் போக வேண்டும். இறுகிய அடுக்கு தடிக்கத் தடிக்க, நீராவி கடக்க வேண்டிய தூரமும் கூடுகிறது. முதல் நாளில் 2 முதல் 3 மில்லிமீட்டர் இறுகும். ஆனால் இரு மடங்கு கனம் இறுக ஏறக்குறைய நான்கு மடங்கு காலம் வேண்டும். பசை உருண்டைகளை வெவ்வேறு நாள்களில் குறுக்கே வெட்டி அளந்து அறிந்தது இது. தடிமனாக அப்பினால் வலு கூடும் என்ற எண்ணம் இங்கே அடிபட்டுப் போகிறது. நடுவில் பச்சையாகவே நிற்கும். மெல்லிய விளிம்புக்குக்கூட ஒரு வாரம் தருவது நல்லது. ஏசி ஓடும் வறண்ட அறையைவிடக் கடலோர ஊர்களின் புழுக்கமான காற்றில் சீக்கிரம் இறுகும். மூக்கை வைத்து முகர்ந்தால் வினிகர் நெடி துளியும் இருக்கக் கூடாது. நெடி இருக்கிறது என்றால் வினை இன்னும் நடக்கிறது.

பிறகு தொட்டியைச் சமமான மேசையில், அடியில் தெர்மாகோல் ஷீட் விரித்து வைத்து, கால் பங்கு, அரைப் பங்கு, முழுவது என்று ஒவ்வொரு நாளாக நிரப்பிப் பார்க்கலாம். அடிச் சுற்றில் உலர்ந்த டிஷ்யூ தாளைச் செருகி வைத்தால் ஒரு சொட்டு ஈரத்தையும் காட்டிவிடும்.

கண்ணாடி இடுக்கிலேயே, அதாவது சுமை தாங்கும் மூட்டிலேயே, வெள்ளி மினுக்கம் நீளமாக ஓடினால் உள்விளிம்பை மாற்றுவது போதாது. அந்தக் கண்ணாடியையே அறுத்தெடுத்து, இருபுற விளிம்பையும் சுரண்டி மறுபடி பொருத்த வேண்டும். ஓரடி உயரத் தொட்டியில் பொறுமைசாலி ஒருவர் வீட்டிலேயே இதைச் செய்யலாம். நீர்மட்டம் இரண்டடி வரை போகும் தொட்டியில், அதே இரண்டடி நீளக் கண்ணாடியைத் தள்ளுவது 100 கிலோவுக்கு மேல். அதைத் தொட்டி செய்பவரிடம் கொடுத்துவிடுவதே சரி.